‘ஃபாரின் அட்ரஸ்’ என்று காட்டிப் பணம் பறிக்கிறார்கள், ஜாக்கிரதை

கணக்கு மென்பொருளை இரண்டாவது கணினியிலும் ஏற்றிக்கொண்டிருந்தேன். பாதியில் ஒரு பெட்டி வந்து, முதல் கணினியின் ஐபி அட்ரஸை, அதாவது நெட்வொர்க்கில் அந்தக் கணினியை அடையாளம் காட்டும் எண்ணைக் கேட்டது. அதை எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தேடினேன். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விளம்பரம், அதில் ‘இலவச உதவி’ என்று ஒரு போன் நம்பர். கூப்பிட்டேன். ஒன்றரை மணி நேரத்தில் என் மாதச் சம்பளத்தில் முக்கால்வாசி போய்விட்டது. இன்னொருவருக்கு இது நடக்கக் கூடாது என்றுதான் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பேசியவர் மிகவும் பொறுமையாகப் பேசினார். விண்டோஸ் பட்டனையும் ‘ஆர்’ எழுத்தையும் சேர்த்து அழுத்தச் சொன்னார். சிஎம்டி (cmd) என்று அடித்ததும் கறுப்புத் திரை வந்தது. அதில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று அடிக்கச் சொன்னார். ‘ஐபிவி4 அட்ரஸ்’ என்ற வரியில் 192.168.1.7 என்று இருந்தது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அங்கேயே போனை வைத்திருக்க வேண்டும்.

“மேடம், ஒரு நிமிஷம். இந்த ஐபியை வேற யாரோ யூஸ் பண்றாங்க போல இருக்கு. செக் பண்ணிடலாம்” என்றார். சரி என்றேன்.

அடுத்து நெட்ஸ்டாட் என்று அடிக்கச் சொன்னார். திரை நிறைய வரிகள் ஓடின. மேலே ‘ஃபாரின் அட்ரஸ்’ என்று ஒரு தலைப்பு, ஓரத்தில் வரிசையாக ‘எஸ்டாப்ளிஷ்டு’. “பார்த்தீங்களா, ஃபாரின்னு அதுவே சொல்லுது. இத்தனை பேர் வெளிநாட்டுல இருந்து உங்க கம்ப்யூட்டருக்குள்ள உட்கார்ந்திருக்காங்க” என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

நான் முழுதாக நம்பியது அதற்கு அடுத்த கட்டத்தில். அஸாக் என்று ஒரு கட்டளை. நீளமான பட்டியல் வந்தது. கடைசிக்குச் சற்று மேலே ஒரு வரியைக் காட்டி, “இது உங்க கம்ப்யூட்டருக்கு மட்டுமே உள்ள லைசென்ஸ் நம்பர். எங்க சர்வர்ல பதிவாகியிருக்கு, நான் படிக்கிறேன், சரிபாருங்க” என்றார். எட்டு எட்டு எட்டு, டி, சி, ஏ, ஆறு, பூஜ்யம் என்று அவர் படிக்கப் படிக்க நான் திரையில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனேன். ஓர் எழுத்துகூடத் தவறவில்லை. என் கணினிக்குள் இருப்பதை எங்கோ இருப்பவர் எப்படிச் சொல்ல முடியும்? அப்போது அவரை நிஜமான கம்பெனி ஆள் என்றே நம்பினேன்.

அதன்பிறகு அவர் சொன்னபடி ஒரு மென்பொருளை இறக்கினேன். என் மவுஸ் தானாக நகர ஆரம்பித்தது. ஏதோ ஸ்கேன் என்று கோப்புகளின் பெயர்கள் சரசரவென ஓடின. முடிவில் ‘வைரஸ் உள்ளது, நெட்வொர்க் பாதுகாப்பு காலாவதி’ என்று ஒரு வரி. மூன்று வருடப் பாதுகாப்பு என்று ஒரு தொகை சொன்னார். கார்டு நம்பரைக் கொடுத்தேன். வந்த ஓடிபியையும் நானே படித்துச் சொன்னேன்.

மறுநாள் அலுவலகத்தில் நெட்வொர்க் வேலை பார்க்கும் என் தோழியிடம் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் தன் கணினியில் அஸாக் என்று அடித்து, திரையை என் பக்கம் திருப்பினாள். எட்டு எட்டு எட்டு, டி, சி, ஏ... அதே எண். “இது எல்லா விண்டோஸ்லயும் இருக்குடி” என்றாள்.

மற்றவற்றையும் அவள்தான் விளக்கினாள். நெட்ஸ்டாட் காட்டுவது கணினிக்கு அப்போது உள்ள தொடர்புகளின் பட்டியல்; ‘எஸ்டாப்ளிஷ்டு’ என்றால் தொடர்பு இருக்கிறது என்று பொருள். அதில் ‘ஃபாரின்’ என்பதற்கு வெளிநாடு என்று பொருள் இல்லை. தொடர்பின் மறுமுனை, அவ்வளவுதான். பிரவுசரில் நான்கைந்து பக்கங்கள் திறந்திருந்தாலே பத்து இருபது வரிகள் வரும். என் திரையில் நிறைய இடங்களில் 127.0.0.1 என்று இருந்ததே, அது கணினி தன்னோடு தானே பேசிக்கொள்ளும் முகவரி. அந்த ‘ஸ்கேன்’ ட்ரீ என்ற கட்டளை. கோப்புப் பட்டியலைக் காட்டுவது தவிர அதற்கு வேறு வேலை தெரியாது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த ஆள் ‘வைரஸ்’ வரியைத் தட்டச்சு செய்திருக்கிறார். பட்டியல் முடிந்ததும் அது கடைசியில் வந்து நிற்கும்.

என்னை மிகவும் உறுத்தியது 192.168.1.7தான். 192.168 என்று தொடங்கும் எண்கள், வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் புழங்குவதற்கென்றே 1994இலேயே ஒதுக்கப்பட்டவை. 10 என்று தொடங்குபவையும், 172.16 முதல் 172.31 வரை உள்ளவையும் அப்படித்தான். உலகத்தில் எத்தனையோ வீடுகளில் இதே 192.168.1.7 இருக்கிறது. வெளியே உள்ள தளங்களுக்குத் தெரிவது ரவுட்டருக்கோ இணைப்பு தரும் நிறுவனத்துக்கோ உள்ள பொது முகவரி. வேறு ஊரில் இருப்பவர் 192.168.1.7ஐ வைத்து என் கணினியைத் தேடிவர வழியே இல்லை. ‘உங்கள் ஐபியை வேறு யாரோ பயன்படுத்துகிறார்கள்’ என்று அவர் என்னைப் பயமுறுத்தியது இந்த எண்ணை வைத்துத்தான்.

உங்களுக்கு இந்த எண் தேவைப்பட்டால் யாரையும் கூப்பிட வேண்டாம். விண்டோஸில் மேலே சொன்ன ஐபிகான்ஃபிக் போதும். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் போய், இணைந்திருக்கும் வைஃபையின் விவரங்களைத் திறந்தாலும் தெரியும். மேக்கிலும் செட்டிங்ஸில் வைஃபை பக்கத்திலேயே இருக்கிறது. 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை என்று பொருள். வயரையோ வைஃபையையோ பாருங்கள். அது ஹேக்கிங் இல்லை.

ஏற்கெனவே யாரையாவது உள்ளே விட்டுவிட்டீர்கள் என்றால், பேசிக்கொண்டிருக்கும்போதே இணைய இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். மரியாதை பார்க்க வேண்டாம். அப்புறம் உடனே வங்கிக்குச் சொல்லி கார்டை முடக்குங்கள், பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். நான் ஒரு நாள் தாமதித்தேன். ஓடிபியை நானே கொடுத்ததால் பணம் திரும்பாது என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். கணினியில் இருந்ததை எல்லாம் அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றினோம்.

மூன்று வாரம் கழித்து வேறொரு நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. இந்த முறை ஒரு பெண். “மேடம், எங்க கம்பெனியை மூடுறோம், உங்க பணத்தைத் திருப்பித் தரணும். கம்ப்யூட்டரை ஆன் பண்றீங்களா?” ஒரு முறை ஏமாந்தவர்களின் நம்பர் அவர்களிடம் பட்டியலாக இருக்கிறது. என்னைப் போல் ஏமாந்தவர் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கும் அந்த இரண்டாவது அழைப்பு வரக்கூடும். ஆன் செய்யாதீர்கள்.