ஹட்டனில் மூன்று மாதக் களப்பயிற்சி: வாரக் கடைசிப் பயணமா, ஞாயிற்றுக்கிழமைப் பீலிக்கரையா?

சமூகப்பணி படிப்பின் களப்பயிற்சிக்காகத் திருநெல்வேலியிலிருந்து இலங்கை மலையகத்திலுள்ள ஹட்டனுக்குப் போனேன். ஜூன் தொடங்கி மூன்று மாதம், தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளைக்காம்பராவில் (தொழிலாளர் குழந்தைகளுக்கான காப்பகத்தில்) குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் பதிவுசெய்யும் வேலை. சனிக்கிழமை மதியத்தோடு வாரம் முடிந்துவிடும். மிச்சமிருக்கும் ஒன்றரை நாளை என்ன செய்வது என்பதில் முதல் மாதம் ஒரு வழியில் போனேன், பிறகு மாற்றிக்கொண்டேன். உடன் வந்த தோழி வேறொரு வழியைப் பிடித்தாள்.

முதல் வழி, வாராவாரம் ஊர் சுற்றுவது. இதன் கவர்ச்சியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தென்மேற்குப் பருவமழையில் ஹட்டனில் துணி காயாது. போர்வையே ஈரமாக இருக்கும். ரயிலில் ஏறி, 1,891 மீட்டர் உயரத்திலுள்ள பட்டிப்பொளை நிலையத்தைக் கடந்து, ஒஹியாவுக்கு முந்திய சுரங்கத்துக்குள் மூடுபனியோடு நுழைந்தால் மறுபக்கம் வெயில். எல்ல, பண்டாரவளைப் பக்கம் அந்த மாதங்களில் மழை குறைவு. 1921இல் திறந்த தெமோதர ஒன்பது வளைவுப் பாலத்தின் மேல் வெயிலில் நடந்த அந்த ஞாயிறு எனக்கு இன்னும் இனிக்கிறது.

ஆனால் திரும்பும்போது இரவாகிவிடும். திங்கள் காலை தூக்கக் கலக்கத்தில் ஒரு குழந்தையின் எடையை இன்னொரு குழந்தையின் அட்டையில் எழுதிவிட்டேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மா கவனித்துச் சொன்னார். எடை குறைந்த குழந்தையின் அட்டையில் நல்ல எடை ஏறியிருந்தால் அந்தக் குழந்தைக்குச் சத்துணவு கிடைக்காமல் போயிருக்கும். அன்றோடு வாராந்தரப் பயணத்தை நிறுத்தினேன்.

தோழியின் வழி, பயிற்சி முடியும்வரை ஓய்வே எடுக்காமல் கடைசி இரண்டு வாரத்தை மொத்தமாக வைத்துக்கொள்வது. ஞாயிறும் அறிக்கை எழுதினாள். ஆகஸ்டில் கண்டிப் பெரஹரா ஊர்வலத் திருவிழாவைப் பார்த்தாள், அதற்குமேல் சுற்றத் தெம்பில்லை. இந்த வழியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். விசா முடியும் தேதியும் குறுக்கே நிற்கும்.

எனக்குப் பொருந்தியது மூன்றாவது: வார நாள்களில் மாலை ஐந்து மணிக்குப் பிறகு அறிக்கையைத் தொடுவதில்லை, ஞாயிறு தோட்டத்திலேயே இருப்பது, பெரிய பயணத்தை மாதம் ஒரு போயா விடுமுறைக்கு மட்டும் வைப்பது. இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் அரசு விடுமுறை என்பது நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்குப் பெரிய வரம். அது திங்களில் விழுந்தால் இரண்டரை நாள் கிடைக்கும். பதுளைவரை போய் ஒரு நாள் தூங்கிவிட்டும் வரலாம்.

ஞாயிறு தோட்டத்தில் இருப்பது வேலையின் நீட்சிதானே என்று தோழி கேட்டாள். நானும் அப்படித்தான் பயந்தேன். ஆனால் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு மற்ற நாள்களில் பேச நேரமில்லை. பறித்த கொழுந்தை எடைபோடும் மத்தியான நிறுவைக்குப் பிறகு ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி மலைக்கு ஏறுவார்கள். “மிஸ், பிள்ளைக்கு எடை கூடியிருக்கிறதா?” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஞாயிறுதான் பீலிக்கரையில், அதாவது மலைநீர் கொட்டும் பொது நீர்த்துறையில், துணி துவைக்க உட்காருவார்கள். நானும் என் துணியை எடுத்துக்கொண்டு போனேன். ஓர் அக்கா எலுமிச்சைத் தோலால் விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கொழுந்துக் கறை ரேகைகளுக்குள் கறுப்பாக இறங்கியிருந்தது. நகத்தோரம் வெளுத்தது, ரேகை வெளுக்கவில்லை. “இது போகாது தங்கச்சி, சும்மா தேய்க்கிறேன்” என்றார். மிஸ் என்று கூப்பிட்டவர் தங்கச்சி என்று கூப்பிட்டது அன்றுதான். பிறகு அவர் வீட்டில் ரொட்டியும் கட்டச்சம்பல் என்னும் மிளகாய்த் துவையலும் தேத்தண்ணியும். எந்த மலையுச்சியிலும் எனக்கு அப்படியோர் இளைப்பாறல் கிடைத்ததில்லை.

இதிலும் ஒரு குறை உண்டு: தனிமை. மழை விடாத வாரங்களில் நான்கு சுவருக்குள் வீட்டு நினைவு வந்து அழுத்தும். அப்படிப்பட்ட வாரத்தில் தயங்காமல் ரயிலேறுங்கள், ஞாயிறு மதியமே திரும்பிவிடுங்கள்.

ஜனவரியில் பயிற்சிக்குப் போகிறவர்கள் ஒரு போயாவையாவது யாத்திரை மலையான சிவனொளிபாதமலைக்கு (ஆடம்ஸ் பீக்) ஒதுக்க வேண்டும். மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரைதான் யாத்திரைக் காலம். நான் போன ஜூனில் அது முடிந்திருந்தது. ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் பஸ். இரவில் ஏறி விடியலைப் பார்ப்பதுதான் வழக்கம். மறுநாள் முழங்கால் மடங்காது, ஆகவே அந்த நாளையும் விடுமுறையாக முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.