எலக்ட்ரிசிட்டி மேப்ஸ்: ஐரோப்பிய மின்சாரத்தை நிறம் பிரித்துக் காட்டும் வரைபடம்

ஐரோப்பாவில் எந்த நாடு நிலக்கரியை நம்பியிருக்கிறது, எந்த நாடு காற்றையும் நீரையும் நம்பியிருக்கிறது என்று ஒப்பிட விரும்புவோருக்கு, டென்மார்க்கைச் சேர்ந்த எலக்ட்ரிசிட்டி மேப்ஸ் தளத்தையே முதலில் பரிந்துரைப்பேன். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. நாம் பார்க்கும் நேரத்தில் பயன்படும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை கிராம் கரியமில வாயு வெளியாகிறது என்பதைப் பச்சை முதல் கரும்பழுப்பு வரையிலான நிறங்களால் அது காட்டுகிறது. அண்டை நாடுகளிலிருந்து வாங்கும் மின்சாரமும் கணக்கில் சேர்வதால், காற்று ஓய்ந்த மாலையில் டென்மார்க் எதை நம்பி விளக்கேற்றுகிறது என்பதும் தெரிந்துவிடுகிறது.

என்னைப் பெரிதும் கவர்ந்தது, கரிமம் குறைந்த மின்சாரத்தின் பங்கையும் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தின் பங்கையும் தனித்தனி வட்டங்களில் காட்டியிருப்பதுதான். பிரான்ஸின் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அணு உலைகளிலிருந்து வருவதால், அங்கே முதல் வட்டம் நிரம்பியும் இரண்டாவது பாதியை எட்டாமலும் நிற்கும். ஜெர்மனியில் மின்சாரத்தின் பாதிக்கும் மேல் புதுப்பிக்கத்தக்கது. ஆயினும் கடைசி மூன்று அணு உலைகளை 2023 ஏப்ரலில் மூடிவிட்டு, பழுப்பு நிலக்கரியை இன்னும் எரிப்பதால், அது பிரான்ஸைவிடப் பழுப்பாகத் தெரிகிறது. புதுப்பிக்கத்தக்க பங்கை மட்டும் வைத்துத் தரவரிசை போடுவோர் இந்த ஒரு காட்சியையாவது பார்க்க வேண்டும்.

சூரிய மின்சாரம் மிகுந்திருக்கும் மே மாத நண்பகலின் படத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதக் கூடாது. ஆண்டுச் சராசரிக்கு மாற்றிப் பார்ப்பதே நியாயம். சில இடங்களில் தரவு வந்து சேராதபோது மதிப்பீட்டால் நிரப்புகிறார்கள். அதை வெளிப்படையாகக் குறித்தும் விடுகிறார்கள்.

பெரிய குறை, இது மின்சாரத்தை மட்டுமே அளக்கிறது என்பது. வண்டிக்கு ஊற்றும் டீசலும் வீட்டைச் சூடாக்கும் எரிவாயுவும் இதில் இல்லை. 2023இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் மின்சாரத்தில் சுமார் 45 சதவீதம் புதுப்பிக்கத்தக்கது. மொத்த எரிசக்திப் பயன்பாட்டிலோ அது நான்கில் ஒரு பங்குதான். அந்தக் கணக்குக்கு ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட்டின் ஆண்டு அட்டவணைகளைத்தான் நாட வேண்டும். அவை தாமதமாக வரும், படிக்கவும் வறட்சியானவை. ஆனால் மூன்றில் இரண்டு பங்குடன் ஸ்வீடன் ஒன்றியத்தில் முதலிடத்தில் இருப்பதும், காட்டு மரக் கழிவை எரித்து நகரங்களைச் சூடாக்குவதற்கு அதில் பங்கு உண்டு என்பதும் அங்கேதான் தெரியவரும்.