எல்ஃப்களின் மர வரம்பு: மீறுவதா, மாக்மாவுக்கு மாறுவதா?

குள்ளர்களின் கோட்டையைக் கட்டி நடத்தும் கணினி விளையாட்டான ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸில் காட்டை மொட்டையடிக்கத் தொடங்கினால், மரங்களைப் போற்றும் இனமான எல்ஃப்களின் தூதர் கோட்டை வாசலில் வந்து நிற்பார். இத்தனை மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது என்று ஓர் எண்ணைச் சொல்லி ஒப்புதல் கேட்பார். தலையாட்டிவிட்டு மனம்போல வெட்டலாம். அல்லது மரத்தின் தேவையையே குறைத்துக்கொண்டு சொல் காக்கலாம். நான் இரண்டாவது வழியில்தான் இப்போது கோட்டை நடத்துகிறேன். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மீறுவதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. 2014-இல் மரங்கள் பல தளங்களுக்கு உயர்ந்து வளரும்படி மாற்றப்பட்டதிலிருந்து ஒரே மரம் நிறையக் கட்டைகளைத் தருகிறது. போர் மூண்டாலும் எல்ஃப்கள் மர ஆயுதங்களோடுதான் வருவார்கள். எஃகுக் கவசம் பூண்ட படைக்கு அது பெரிய சோதனை அல்ல. ஆனால் அந்த எஃகு தயாராவதற்கு முன்பே அவர்கள் வந்துவிட்டால் கதை வேறு. வசந்த காலத்தில் பழக்கிய அரிய விலங்குகளோடு வரும் அவர்களின் வணிகக் கூட்டமும் நின்றுபோகும். எனக்கு இந்த இழப்புதான் அதிகம் வலிக்கிறது.

அறைகலன்களை இழுத்துப் பேச வேண்டியதில்லை. கட்டிலுக்கு மட்டுமே மரம் தவிர்க்க முடியாதது. கதவு, மேசை, நாற்காலி, சவப்பெட்டி எல்லாம் கல்லில் முடியும். பீப்பாய்க்குப் பதில் கல் பானை போதும்.

காட்டை உண்மையில் தின்பது உலைதான். ஒரு கட்டையை எரித்தால் கிடைப்பது ஒரே ஒரு பங்கு மரக்கரி. எஃகுக்கு முதலில் கச்சா இரும்பு வேண்டும். அதில் கலக்க ஒரு பங்கு கரி, எரிக்க ஒரு பங்கு. அடுத்து எஃகாக்கும்போது மறுபடியும் அதே இரண்டு பங்கு. ஆக, இரண்டு எஃகுக் கட்டிகளுக்கு நான்கு மரக்கட்டைகள். தாதுவை உருக்கவும், கடைசியில் கட்டியை வாளாக அடிக்கவும் ஆகும் கரி இந்தக் கணக்கில் சேரவில்லை. ஒரு படைக்கே முழுக் கவசம் செய்ய நினைத்தால் வரம்பு எப்படித் தாங்கும்?

நிலத்தடியில் உருகிய பாறைக் குழம்பின் (மாக்மா) வெப்பத்தில் இயங்கும் மாக்மா உலையில் எரிக்கும் பங்கு முழுவதும் மிச்சம். கலக்கும் பங்கு மட்டும் நிற்கும். அதற்கு நிலக்கரி இருக்கிறது. ஒரு பிட்டுமினஸ் நிலக்கரிக் கல்லிலிருந்து மரக்கரிக்குப் பதிலாகும் கற்கரி (கோக்) ஒன்பது பங்கு கிடைக்கும், லிக்னைட் என்ற மற்றொரு நிலக்கரி வகையிலிருந்து ஐந்து. இரண்டு கட்டிக்கு இரண்டு பங்குதான் தேவை என்பதால், ஒரே பிட்டுமினஸ் கல் எட்டு எஃகுக் கட்டிகளுக்குப் போதும், ஒரு பங்கு மிஞ்சும். ஒரு மரம்கூட விழ வேண்டாம்.

இதற்கும் விலை உண்டு. எரிமலை இல்லாத இடத்தில் அடியாழத்தில் உள்ள மாக்மா கடல் வரை தோண்ட வேண்டும். பம்புகளை அடுக்கி மேலே ஏற்றுவதைவிட உலைகளையே கீழே கொண்டுபோய், பக்கத்தில் உணவும் படுக்கையும் வைப்பது எனக்குப் பிடித்த முறை. உலையில் ஆள் நடக்க முடியாத கட்டத்துக்கு நேர் கீழே மட்டும் துளை போடுங்கள். மாக்மா நண்டுகள் அந்த வழியாக ஏறிவர முடியாது. உலையைக் கட்ட மாக்மாவைத் தாங்கும் பொருள் வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மூன்றாவதாக நிலத்தடிக் காடு. குகையை ஒருமுறை திறந்துவிட்டால், பிறகு அதைச் சுவரெழுப்பி மூடினாலும், கோட்டைக்குள் மண் தரையுள்ள அறைகளில் மரம்போல வெட்டிக் கட்டை எடுக்கக்கூடிய டவர்-கேப் போன்ற பெருங்காளான்கள் முளைக்கும். கட்டிலுக்கு அது தாராளம். உலைத் தொழில் முழுவதையும் அதை நம்பி நான் நடத்தியதில்லை. அதனால் அதைப் பற்றி அழுத்திச் சொல்ல மாட்டேன்.

நிலக்கரியும் இல்லாமல், மாக்மாவும் எட்டாத ஆரம்ப ஆண்டுகளில் கொஞ்சம் வெட்டித்தான் ஆகவேண்டும். அப்போதும் முதல் கட்டைகளைக் கட்டிலுக்கும் சுரங்கக் கோடரிகளுக்கு வேண்டிய கரிக்கும் ஒதுக்குங்கள், கவசம் காத்திருக்கட்டும்.