பழைய அக்வாவுக்கு எந்தப் பற்றரி? சில வருடம் ஓடிப் பார்த்தபின் எழுதுவது

ஹைபிரிட் காரின் (பெற்றோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டுவது) பெரிய பற்றரி மாற்ற வேண்டும், எதைப் போடலாம் என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இந்தக் காரை இன்னும் எத்தனை வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள்? அதற்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

என்னுடையது 2012 ரொயோட்டா அக்வா, யாழ்ப்பாணத்தில் ஓடுகிறது. இலங்கையில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்தார்கள், திறந்தபின்னும் வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் பழைய காரே போதும் என்றாகிவிடுகிறது. ஆக அக்வா, பிரியஸ், ஃபிட் எல்லாம் நாடு முழுக்க ஒன்றாகவே கிழடாகிக்கொண்டிருக்கின்றன.

அக்வாவின் பற்றரி பின் ஆசனத்துக்குக் கீழே இருக்கிறது. நிக்கல் மெற்றல் ஹைட்ரைட், ஆறு செல் சேர்ந்த 7.2 வோல்ற் மொடியூல் இருபது, எல்லாம் சேர்ந்த பொதி 144 வோல்ற். பிரியஸின் இரண்டாம், மூன்றாம் தலைமுறையில் இதே மாதிரி மொடியூல் இருபத்தெட்டு, 201.6 வோல்ற். எல்லாம் தொடராக இணைத்திருப்பதால் ஒன்று சோர்ந்தாலும் முழுப் பொதியும் அதன் அளவுக்கு இறங்கிவிடும். 2022 இல் பெற்றோல் இல்லாமல் கார்கள் வாரக்கணக்கில் நின்றன, பிறகு கியூஆர் கோட் காட்டி எரிபொருள் வாங்கும் பங்கீடு வந்து காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்றார்கள். இந்த வகைப் பற்றரி சும்மா நின்றாலே தானாக இறங்கும், அதுவும் எல்லா மொடியூலும் ஒரே அளவில் இறங்காது. என் கார் அந்த வருடக் கடைசியில்தான் வேலை காட்டியது.

ஏ9 வீதியில் ஒரே வேகத்தில் போனால் ஒன்றும் தெரியாது. யாழ் நகருக்குள் மத்தியான வெயிலில் ஏசி போட்டுக்கொண்டு நின்று நின்று போனால்தான் குணம் தெரியும்: டாஷ்போர்டில் பற்றரியின் சார்ஜ் கோடுகள் கண் முன்னாலேயே சர்ரென்று இறங்கும், எஞ்சின் ஓயாமல் எழும்பும், பின்னால் பற்றரி ஃபேன் இரையும், லீற்றருக்கு 20 கிலோமீற்றர் கிட்ட ஓடினது 15 க்கு வரும். அப்புறம் ஒரு நாள் எச்சரிக்கை லைற் எரிந்து, ஸ்கானரில் பி0ஏ80 என்று வரும், ஹைபிரிட் பற்றரியை மாற்று என்பதற்கான பிழைக் கோட். அந்தக் கோட் வந்தவுடனேயே பயந்து காசை எடுக்காதீர்கள். காரின் சோதனைச் சொக்கெற்றில் செருகும் ஒரு மலிவான ஓபிடி கருவியும் டொக்டர் பிரியஸ் என்ற கைபேசிச் செயலியும் இருந்தால் ஒவ்வொரு புளொக்கின் (கார் ஒன்றாக அளக்கும் மொடியூல் தொகுதி) வோல்ற்றையும் நீங்களே பார்க்கலாம். ஏற்றத்தில் அழுத்தும்போது ஒரு புளொக் மட்டும் மற்றவையை விட நன்றாகக் கீழே விழுந்தால் அதுதான் ஆள். 12 வோல்ற் சின்னப் பற்றரியையும் முதலில் சோதியுங்கள். அது சோர்ந்தாலும் டாஷ்போர்டில் திருவிழாதான்.

நான் முதலில் செய்தது மொடியூல் மாற்றுவது. தற்காலிகம் என்று தெரிந்தேதான் செய்தேன், அந்த நேரம் டொலர் விலையில் புதுப் பொதி நினைத்தும் பார்க்க முடியாது. கராஜ் பொடியன் நேர்மையாகவே சொன்னான், "அண்ணை, இப்ப ஓடும். அடுத்தது எது போகும் எண்டு மட்டும் என்னைக் கேட்காதேங்கோ." ஒழுங்காகச் செய்பவர்கள் எல்லா மொடியூலையும் வெளியே எடுத்து, ஹெட்லைற் பல்ப் ஒன்றைச் சுமையாகக் கொடுத்து எது எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து, மாற்றியபின் எல்லாவற்றையும் சமாந்தரமாக இணைத்து ஒரு இரவு விட்டுச் சமப்படுத்துவார்கள். மொடியூல்களை இணைக்கும், பச்சை பிடித்த செப்புத் தகடுகளைத் துப்புரவாக்குவார்கள். வோல்ற் மீற்றரை மட்டும் வைத்துப் பார்த்து ஒன்றைக் கழற்றி ஒன்றைப் போடுகிற இடத்தில் காரை விடாதீர்கள். சுமை இல்லாதபோது செத்த மொடியூலும் நல்ல வோல்ற் காட்டும். எனக்கு ஒரு வருடம் போல ஓடியது, பிறகு வேறு இரண்டு போயின. பத்து வயது மொடியூல்கள் எல்லாம் ஒரே வெக்கையைத் தின்றவை, ஒன்று போனால் மற்றவையும் வரிசையில்தான் நிற்கும். காரை விற்கப் போகிறவருக்கும் காசு சேரும் வரை ஓட்ட வேண்டியவருக்கும் இது சரி.

ஜப்பானில் கழற்றிய ரீகண்டிஷன் பொதி, கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையில் தேடலாம். அதைப் போடவில்லை, போய்ப் பார்த்தேன். ஒரு கடையில் "லோ மைலேஜ்" என்று காட்டியதில் மொடியூல்களின் பக்கம் வீங்கியிருந்தது, கேட்டதற்கு எல்லாம் அப்படித்தான் என்றார்கள். அப்படி இல்லை. மூடியைத் திறந்து காட்டாத, சுமை வைத்துச் சோதிக்க விடாத பொதியை நான் வாங்க மாட்டேன். குளிர் நாட்டில் இருந்ததால் நன்றாக இருக்கும் என்பது உண்மையாக இருக்கலாம், ஆனால் வயது வயதுதான்.

கடைசியில் போட்டது சீனாவில் செய்த புது நிக்கல் செல் பொதி. பெரிய டோர்ச் பற்றரி மாதிரி உருண்டையான செல்கள், ஆறாறாகச் சேர்த்து பழைய மொடியூலின் இடத்தில் உட்காரும்படி செய்திருக்கிறார்கள். விலை ஏஜென்ட் சொன்னதில் பாதிக்கும் குறைவு. இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது, புளொக்குகள் இன்னும் ஒன்றோடொன்று ஒட்டியே நிற்கின்றன, மைலேஜ் பழையபடி வந்துவிட்டது. குறை என்றால் வெயிலில் நின்ற காரை எடுத்தவுடன் ஃபேன் முன்பை விடச் சீக்கிரம் வேகமெடுக்கிறது. பெட்டியில் ஆம்பியர் மணி (கொள்ளளவு) அதிகமாக எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், கார் எப்படியும் ஏறக்குறைய 40 இலிருந்து 80 வீதத்துக்கு இடையில்தான் பற்றரியை வைத்திருக்கும்.

லிதியம் என் மச்சானின் பிரியஸில் இருக்கிறது, கொழும்பில். லிதியம் இரும்பு பொஸ்பேற் வகை, அதுதான் லிதியத்தில் எளிதில் தீப்பிடிக்காத ரகம். ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரிகிறது. கடுகண்ணாவை ஏற்றத்தில் பற்றரி தளராது, சூடும் குறைவு, நகரத்துக்குள் எஞ்சின் இல்லாமல் இன்னும் கொஞ்சத் தூரம் போகிறது. ஆனால் காரின் மூளை நிக்கலுக்காகப் பழக்கப்பட்டது. லிதியத்தின் வோல்ற் சார்ஜ் இறங்கினாலும் அதிகம் மாறாமல் நிற்கும், அதனால் சார்ஜ் கோடுகள் சிலவேளை நம்ப முடியாதபடி குதிக்கின்றன. மச்சான் இப்போது அதைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். எனக்குப் பயம் உள்ளே செல்களின் சார்ஜைச் சமப்படுத்தும் மின்சுற்று பற்றித்தான். அது போனால் யாழ்ப்பாணத்தில் யார் திருத்துவது? விற்றவர் கிட்ட இருந்தால் லிதியம் போடுங்கள், இல்லாவிட்டால் நிக்கலே போதும் என்பது என் எண்ணம்.

எதைப் போட்டாலும் பின் ஆசனத்தின் பக்கத்தில் இருக்கும் காற்று வாயில்தான் அதன் ஆயுள். பற்றரி குடிப்பது காருக்குள் இருக்கும் காற்றை. அங்கே பையை அடுக்கினால், நாய் மயிரும் எங்கள் ஊர்ப் புழுதியும் ஃபில்ரரை அடைத்தால், புதுப் பொதியும் வெந்துபோகும். சில மாதத்துக்கு ஒருமுறை கழற்றி ஊதிவிடுகிறேன், அது யாரும் செய்யலாம். ஆனால் மூடியைத் திறக்கும் வேலை வேண்டாம். உயர் வோல்ற்றைத் துண்டிக்கும் சேர்விஸ் பிளக்கை இழுத்தபின்னும், பற்றரி மின்சாரத்தை மோட்டாருக்கு மாற்றிக் கொடுக்கும் இன்வேர்ட்டருக்குள் சார்ஜ் இறங்கப் பத்து நிமிடமாவது விட வேண்டும், உயர் வோல்ற் கையுறை வேண்டும், பொதிக்குள் மின்சாரம் எப்போதும் இருக்கும். யூரியூப் பார்த்து வீட்டு முற்றத்தில் கழற்றுகிறவர்களை எனக்குத் தெரியும், அதிர்ஷ்டசாலிகள்.

உத்தரவாதத்தைப் பில்லில் எழுதி வாங்குங்கள், முழுப் பொதிக்கா ஒரு மொடியூலுக்கா என்பதோடு. பழைய பொதியைக் கராஜில் சும்மா விட்டுவிட்டு வராதீர்கள். அதில் இன்னும் உயிரோடு இருக்கும் மொடியூல்களுக்கு விலை உண்டு, கழித்துக்கொண்டுதான் காசு கொடுக்க வேண்டும்.