நாலு மானிட்டர் என்று சொல்லி நாலு பெட்டியை வைத்துவிட்டுப் போனார்: கரோக்கே குழுக்கள் கவனிக்க

சென்னையில் மினி ஹால் பிடித்து கரோக்கே நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சவுண்ட் செட்காரர் கொட்டேஷனில் "4 மானிட்டர்" என்று (அதாவது, பாடுகிறவர் காதுக்குக் கேட்பதற்காக மேடையில் வைக்கும் ஸ்பீக்கர் பெட்டி) போட்டிருந்தால், மேடையில் நாலு பெட்டி இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். அந்தப் பெட்டிகளின் வயர் எங்கே போய்ச் சேர்கிறது என்று பாருங்கள். எங்களுக்கு வந்த நாலில் இரண்டின் வயர் கார்ப்பெட்டுக்கு அடியில் போய், டேப் ஒட்டிய இடத்தோடு முடிந்திருந்தது. அதன் மறுமுனை எதிலும் செருகப்படவே இல்லை.

எங்கள் குழுவில் பெரும்பாலோர் பேங்க்கில் இருந்து ரிட்டயர் ஆனவர்கள். ரெண்டு டீச்சர்கள், ஒரு பல் டாக்டர், நாலைந்து ஐடி பசங்களும் உண்டு. மாதம் ஒருமுறை யார் வீட்டிலாவது கூடிப் பாடுவோம். வருஷத்துக்கு ஒரு தடவை மாம்பலம் பக்கம் ஹால் எடுத்து, வீட்டு ஆட்களை எல்லாம் கூப்பிட்டு, காபி டிபனோடு நடத்துவோம். வழக்கமாக வரும் செட்காரர் அன்றைக்கு வேறு கல்யாணத்தில் மாட்டிக்கொண்டதால், தெரிந்தவர் சொன்னார் என்று ஒரு புது ஆளைப் பிடித்தோம். பெயரைப் போடவில்லை. வேறு பெயரில் நாளைக்கே இன்னொரு போர்டு மாட்டிவிடுவார்கள். இப்படிச் செய்பவர் அவர் ஒருவர் மட்டும் என்றும் நான் நம்பவில்லை.

வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பியது: ரெண்டு டாப் (ஹாலைப் பார்த்து வைக்கும் ஸ்பீக்கர்), ரெண்டு பேஸ் (கனத்த ஒலிக்கான பெட்டி), நாலு ஃப்ளோர் மானிட்டர், அதற்குத் தனி ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), 16 சேனல் டிஜிட்டல் மிக்ஸர், நாலு கார்ட்லெஸ் மைக், ஒரு ஆபரேட்டர். 22,000 ரூபாய், அதில் 10,000 அட்வான்ஸ். பில் கேட்டதற்கு, "பில்லுன்னா ஜிஎஸ்டி 18 பர்சென்ட் ஏறும் சார், எதுக்கு?" என்றார்.

நாலு மணிக்கு வந்து செக் பண்ணித் தருவதாகப் பேச்சு. வண்டி வந்தது ஆறே கால். நிகழ்ச்சி ஆறரைக்கு. வந்த பையன் "செக், செக், ஒன் டூ த்ரீ" என்று ஹாலின் பின்னால் நின்று சொல்லிப் பார்த்தான், கணீரென்று கேட்டது. மேடையில் ஏறி நின்று ஒருமுறைகூடச் சொல்லிப் பார்க்கவில்லை. சவுண்ட் செக் என்பது அவர்களுக்கு ஹாலுக்கான செக். பாடுகிறவர் காதில் என்ன விழுகிறது என்பது கணக்கிலேயே இல்லை.

முதல் பாட்டு ஒரு டூயட். பாடிய இருவரும் வீட்டுக் கூட்டங்களில் சுருதி பிசகாமல் பாடுகிறவர்கள். பல்லவி தாண்டுவதற்குள் ட்ராக் (குரல் இல்லாத இசைப் பதிவு) முன்னால் ஓட, இவர்கள் பின்னால் இழுக்க ஆரம்பித்துவிட்டார்கள். சரணத்தில் அந்த மேடம் அரை ஸ்வரம் கீழே. அவருடைய பேத்தி முதல் வரிசையில் உட்கார்ந்து மொபைலில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்து கீழே வந்தவர், "ட்ராக்கே காதில் விழலைங்க. தூரத்துல ஏதோ டம் டம்முன்னு கேக்குது, அதை வெச்சுப் பாடினேன்" என்றார்.

ஆபரேட்டரிடம் போய்ச் சொன்னேன். "ஹால் அப்படி சார், எக்கோ அடிக்குது, நாங்க என்ன பண்றது?" என்றான். பக்கத்தில் நின்ற ஓனர் இன்னும் ஒரு படி மேலே போய், "சுருதி சேரலைன்னா மானிட்டர் என்ன சார் பண்ணும்?" என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது அங்கேதான். மோசமான செட்டைக் கொண்டுவந்தது ஒரு தப்பு. அதன் பழியைப் பாடின மனுஷி மேல் போட்டது அதைவிடப் பெரிய தப்பு.

ஹால் எக்கோ அடிக்கிறது என்பது உண்மைதான். கிரானைட் தரை, வழுவழுப்பான சுவர், திரைச்சீலை கிடையாது. மேடையில் இருந்து பின்சுவர் 60 அடி இருக்கும். டாப் ஸ்பீக்கரில் இருந்து கிளம்பிய சத்தம் அந்தச் சுவரில் மோதி மேடைக்குத் திரும்பி வர 120 அடி, அதாவது 36 மீட்டருக்கு மேல். ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். ஆக, பாடுகிறவர் காதுக்கு வருவது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு பழசான சத்தம். டாப் ஸ்பீக்கர்கள் தெளிவான மேல் ஒலியை முன்பக்கம்தான் வீசும், பின்னால் மேடைப் பக்கம் கசிவது பெரும்பாலும் பேஸ். அந்த மேடத்துக்குக் கேட்ட "டம் டம்" அதுதான். பேஸ் மட்டும் குழம்பிக் கேட்டால் சுருதியைப் பிடிக்க முடியாது. திரும்பி வரும் எக்கோவை நம்பித் தாளம் போட்டால் பின்தங்காமலும் இருக்க முடியாது. லைட் மியூசிக் மேடையில் என்றால் கீபோர்டுக்காரர் பாடகரைப் பார்த்துக் கொஞ்சம் நின்று கூட்டிக்கொண்டு போவார். கரோக்கே ட்ராக் யாருக்கும் நிற்காது. அதனால்தான் இங்கே மானிட்டர் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு வேண்டியதைவிட முக்கியம். ஹால் மோசம் என்பது மானிட்டர் வைக்காததற்குச் சாக்கு ஆகாது, மானிட்டர் வைப்பதற்கே அதுதான் காரணம்.

ரெண்டாவது பாட்டு ஓடும்போது மேடைக்குப் பின்பக்கமாகப் போய்ப் பார்த்தேன். அப்போதுதான் அந்தக் கார்ப்பெட் வயரைக் கண்டேன். மற்ற ரெண்டு பெட்டிகளுக்கு ஆம்ப் உண்டா என்று தேடினால், ரேக்கில் இருந்தது ஒரே ஆம்ப். அது டாப்புகளுக்கு. மானிட்டருக்கென்று தனி ஆம்ப் வரவே இல்லை. டாப் பெட்டியின் பின்னால் இருந்து ஒரு லிங்க் எடுத்து அந்த ரெண்டுக்கும் கொடுத்திருந்தார்கள். டிஜிட்டல் மிக்ஸர் என்று சொன்ன இடத்தில் ஒரு பழைய சின்ன அனலாக் மிக்ஸர், அதில் ஒரே ஒரு ஆக்ஸ் (ஹாலுக்குப் போவதைத் தவிர தனியாக ஒரு மிக்ஸ் எடுக்கும் வழி), அதையும் குரலுக்குச் சேர்க்கும் எக்கோ எஃபெக்ட்டுக்கு எடுத்தாயிற்று.

இதில் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்கலாம். ஹாலுக்குப் போகும் அதே மிக்ஸ் மானிட்டருக்கும் போனால், பாடகருக்கு மட்டும் கொஞ்சம் கூட்டிக் கொடுக்க வழி இல்லை. ஹாலில் சத்தம் பத்தவில்லை என்று ஃபேடரை (மிக்ஸரில் சத்தத்தை ஏற்றி இறக்கும் குமிழை) ஏற்றினால் மேடையிலும் ஏறி, மைக் அதைப் பிடித்து, 'கீ' என்று ஊளையிடும். உடனே ஆபரேட்டர் எல்லாவற்றையும் இறக்குவார், பாடகருக்கு இருந்த கொஞ்சமும் போய்விடும். முறையாகச் செய்கிறவர்கள் மானிட்டருக்கு ப்ரீ ஃபேடர் ஆக்ஸில் இருந்து, அதாவது ஃபேடருக்கு முன்பே பிரியும் வழியில் இருந்து, தனி மிக்ஸ் எடுப்பார்கள். ஹால் ஃபேடரை எப்படி ஆட்டினாலும் மேடையில் கேட்பது மாறாது. அந்த மிக்ஸில் ட்ராக் முதலில், பாடகர் குரல் அதற்கு மேல் கொஞ்சம், எக்கோ இல்லை அல்லது துளி. எக்கோ இல்லாமல் பாடவே மாட்டேன் என்று எங்கள் குழுவிலேயே ரெண்டு பேர் உண்டு. அவர்களுக்கும் ஹாலில் தாராளமாகக் கொடுத்துவிட்டு, மேடையில் கிள்ளித்தான் கொடுக்க வேண்டும்.

நான் சத்தம் போட்டதும், ஓனர் கார்ப்பெட் வயரையும் எடுத்து அதே லிங்கில் சேர்த்தார். வேண்டாம் என்று சொல்வதற்குள் செருகியாயிற்று. எல்லாம் 8 ஓம் பெட்டிகள். ஓம் குறையக் குறைய ஆம்புக்குச் சுமை கூடும். ஒரே சேனலில் பேரலலாக நாலு பெட்டி சேர்ந்தாலே 2 ஓம், இங்கே டாப்போடு சேர்த்து ஐந்து, அதற்கும் கீழே. அந்த ஆம்ப் அதைத் தாங்காது. சிவப்பு விளக்கு எரிந்து, தன்னைக் காத்துக்கொள்ள ப்ரொடெக்டில் போய், ஹால் முழுக்க மயான அமைதி. பல் டாக்டர் மேடையில் வாயைத் திறந்தபடி நின்றார். அதற்கும் "கரண்ட் லோ வோல்டேஜ் சார்" என்று ஒரு காரணம்.

செட் மறுபடி ஓட ஆரம்பித்த பிறகு ட்ராக்கில் இன்னொரு கோளாறு. லேப்டாப்பில் இருந்து வரும் பாட்டில் வயலின் கேட்கிறது, கோரஸ் கேட்கிறது, தபலாவும் பேஸ் கிடாரும் காணோம். ஒரு காலத்தில் கச்சேரிகளில் தபலா வாசித்த எங்கள் அண்ணன் ஒருவர், "என் தபலாவை யாருடா முழுங்கினது?" என்று எழுந்தே விட்டார். காரணம் கேபிள். மறுபடி இணைக்கும்போது, ஹெட்போன் அவுட்டில் இருந்து ஸ்டீரியோ ஜாக்கை மிக்ஸரின் ஒரு பேலன்ஸ்டு இன்புட்டில் நேராகச் செருகியிருந்தார்கள். அந்த இன்புட் இடது சேனலில் இருந்து வலதைக் கழிக்கும். ரெண்டிலும் சமமாக இருக்கும் தபலா, பேஸ், ட்ரம்ஸ் எல்லாம் ஒன்றை ஒன்று அடித்துவிடும், ஓரங்களில் இருப்பது மட்டும் மிஞ்சும். பெரும்பாலான ட்ராக்குகளில் தாளம் நடுவில்தான் இருக்கும் என்பதால், பாடகருக்கு எது அவசியமோ அதுவே காணாமல் போகும். எங்கள் ஐடி பையன் ஒருவன் பையில் வைத்திருந்த ஒய் கேபிளைப் போட்டு ரெண்டு சேனலில் கொடுத்ததும் தபலா உயிரோடு வந்தது. பெரிய விலை இல்லாத சமாச்சாரம். வாடகை வாங்குகிறவரிடம் அது இல்லை.

பெட்டிகளை வைத்திருந்த இடமும் அழகு. மேடையின் ரெண்டு ஓரத்திலும் வரிசையாக, பாடகரைப் பார்க்காமல் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி. போட்டோவுக்கு நன்றாக இருக்கும். சாதாரண கார்டியாய்ட் மைக்குக்குப் பின்பக்கம் காது மந்தம். மைக்கின் வால் எந்தப் பக்கம் காட்டுகிறதோ அங்கே, பாடகரின் முகத்தைப் பார்த்து நிமிர்ந்தபடி மானிட்டர் இருக்க வேண்டும். சூப்பர் கார்டியாய்ட் மைக் என்றால் நேர் பின்னால் கொஞ்சம் கேட்கும், பின்பக்கத்திலேயே ரெண்டு ஓரமாகச் சாய்ந்த திசைகளில்தான் கேட்காது. அதற்கு நடுவில் ஒன்று வைப்பதைவிட இடமும் வலமுமாக ஒதுக்கி ரெண்டு வைப்பது நல்லது. எந்த மைக் கொண்டுவந்திருக்கிறோம் என்று தெரியாதவர் மானிட்டரை எங்கே வைப்பார்?

கரோக்கேவில் இதைவிடப் பெரிய தலைவலி ஒன்று உண்டு. பாடுகிறவர் ஆடியன்ஸைப் பார்ப்பதில்லை, லிரிக்ஸைப் பார்ப்பார். அன்றைக்கு டிவியை மேடையின் இடது ஓரத்தில் வைத்திருந்தோம். எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பிப் பாட, மைக்கின் வாலும் அந்தப் பக்கமே காட்டியது, மானிட்டர் வேறெங்கோ. சிலர் ஸ்டாண்டில் டேப்லெட் வைத்துப் பாடுவார்கள். அந்தத் தகட்டு ஸ்டாண்ட் மானிட்டருக்கும் முகத்துக்கும் நடுவில் நின்றால் கேட்க வேண்டியதை மறைக்கும், சத்தத்தை மைக்குக்குள் திருப்பியும் விடும். இடையிசை வந்தால் நம்மவர்கள் கையைத் தொங்கவிடுவார்கள், மைக் தலை நேராக மானிட்டரைப் பார்க்கும், 'கீ'. ராப் பாடும் பசங்க மாதிரி மைக் தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடிக்கும் ஆட்கள் தனி. பொத்தினால் கார்டியாய்ட் குணமே போய், நாலா பக்கமும் கேட்க ஆரம்பிக்கும். இதெல்லாம் தெரிந்த ஆபரேட்டர் இடையிசையில் ஃபேடரை இறக்குவார், பாடாத மைக்கை மூடிவைப்பார். திறந்திருக்கும் மைக் ஒன்று ரெண்டானால், ஊளை இல்லாமல் ஏற்றக்கூடிய அளவு 3 டெசிபல் குறையும். ரெண்டு நாலானால் இன்னொரு 3. எங்களுக்கு வந்த ஆபரேட்டர் பையன் நாலையும் திறந்துபோட்டு ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தான்.

இடைவேளையில் ஓனர் வந்து, பேலன்ஸ் 12,000 கொடுத்தால்தான் அடுத்த பாதி என்றார். ஹாலில் பெரியவர்கள், குழந்தைகள். 6,000 ஜிபே செய்து, மீதி பேசிக்கொள்ளலாம் என்று எழுதியும் அனுப்பினேன். நல்லவேளை. மறுநாள் காலையில் கொட்டேஷன் மெசேஜை அவர் அழித்துவிட்டார். ஸ்க்ரீன்ஷாட் என்னிடம் இருந்தது, கார்ப்பெட் வயரின் போட்டோவும் இருந்தது. நீங்களும் எடுத்துவையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன். அதற்கும் அவர் பணியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை, ரெண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அவர் இன்னும் அந்த 6,000-ஐக் கேட்டுக் குரல் மெசேஜ் அனுப்புகிறார். மானிட்டர் ஆம்ப் எங்கே என்று நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை.

அடுத்த நிகழ்ச்சிக்கு ஆள் பார்க்கும்போது எல்லோருக்கும் ஒரே மெசேஜ் அனுப்பினோம்: மானிட்டருக்குத் தனி ஆம்ப் உண்டா, அல்லது ஆம்ப் உள்ளேயே இருக்கும் பவர்ட் பெட்டியா, எத்தனை ப்ரீ ஃபேடர் ஆக்ஸ், நிகழ்ச்சிக்கு ரெண்டு மணி நேரம் முன்பு எங்கள் பாடகர் ஒருவர் மேடையில் நின்று முழுப் பாட்டு பாடிச் சரி சொன்ன பிறகு பேலன்ஸில் பாதி, முடிந்ததும் மீதி, பில்லோடு. ரெண்டு பேர் பதிலே போடவில்லை. ஒருவர், "இவ்ளோ கேக்கறவங்களுக்கு நாங்க பண்றதில்ல சார்" என்றார், அதுவும் நேர்மைதான். நாலாவது ஆள் எல்லாவற்றுக்கும் ஒரு வரியில் பதில் போட்டுவிட்டு, திருப்பி ஒன்று கேட்டார்: "பாடுறவங்க லிரிக்ஸை டிவியில பாப்பாங்களா, கையில வெச்சுப் பாப்பாங்களா அண்ணா? அதுக்கேத்த மாதிரி பெட்டியை வைக்கணும்." அவருக்கே அட்வான்ஸ் போட்டோம்.