தாடை கோணலுக்கு அலைனர் போடப் போறீங்களா? என் 92,000 ரூபாய் போன கதையைப் படிச்சிட்டுப் போங்க

கோபம் இன்னும் அடங்கல. எழுத்து முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க. பேர் போட்டா வக்கீல் நோட்டீஸ் வரும்னு நண்பன் பயமுறுத்துறான், அதனால பேர் வேண்டாம். போனைத் திறந்தாலே விளம்பரமா வந்து விழுமே, வீட்டுக்கே ஆள் அனுப்பிப் பல்லை ஸ்கேன் எடுக்குற அலைனர் கம்பெனி (அலைனர்னா பல்லை நகர்த்த அது மேல மாட்டுற, கழட்டக்கூடிய பிளாஸ்டிக் உறை), அந்த ரகம்.

பத்தாவது முடிச்சதுக்கு அப்புறம் என் தாடை கொஞ்சம் கொஞ்சமா இடது பக்கம் போக ஆரம்பிச்சது. இப்ப வயசு 25. தாடி வளர்த்து மறைச்சு ஓட்டிக்கிட்டிருந்தேன். பல்லைக் கடிச்சா இடது பக்கம் கீழ்வரிசை மேல்வரிசைக்கு வெளியே நிக்கும்.

ஸ்கேன் எடுக்க வந்த பொண்ணு அவ்வளவு மரியாதை. டேப்லெட்டை அம்மா பக்கம் திருப்பி என் பல்லை 3டியில காட்டுச்சு. கீழே இருந்த புள்ளியை விரலால இழுக்க இழுக்க ஒவ்வொரு பல்லா நகர்ந்து, மேல் நடுக்கோடும் கீழ் நடுக்கோடும் ஒண்ணா வந்து நின்னுச்சு. அம்மாதான் கேட்டாங்க, "தாடையும் நேராயிடுமா கண்ணு?" "கடி செட் ஆனா தாடை தானா வந்துடும் ஆன்ட்டி, ஆபரேஷன்லாம் தேவையே இல்ல." அம்மா முகத்துல ஒரு நிம்மதி. அங்கேயே உட்கார்ந்து இ.எம்.ஐ.க்கு ஓ.டி.பி. சொன்னேன். 92,000 ரூபாய்! ஒரு எக்ஸ்ரே, ஒண்ணே ஒண்ணு கூட எடுக்கல.

அவங்க கொடுத்த டிரே, அதாவது அந்த உறை எல்லாத்தையும் ஒழுங்கா போட்டேன். முன்பல் வரிசையாச்சு, இல்லைன்னு சொல்லல. தாடை இருந்த இடத்துலயே இருக்கு. கூடுதலா, பின்பல்லு இப்ப ஒண்ணோட ஒண்ணு சேரல. முறுக்கை மெல்ல முடியல, நாக்கால தள்ளித் தள்ளி முழுங்குறேன்.

அவங்களுக்குப் போட்டோ அனுப்பினேன். "ரப்பர் உருளையை இன்னும் நல்லா கடிங்க சார்." (டிரே பல்லுல ஒட்டி உட்காரக் கடிக்கிறது.) அடுத்த தடவை, "டிக்கெட் ரைஸ் பண்ணியாச்சு சார்." அதுக்கப்புறம், "உங்க டாக்டர் மாறிட்டாங்க சார், புது டாக்டர் கூப்பிடுவாங்க." யாரும் கூப்பிடல. பணத்தைத் திருப்பிக் கேட்டதும் குரலே மாறிடுச்சு: "பல் நகர்ந்திருக்குல்ல? அப்போ சர்வீஸ் கொடுத்தாச்சு." நான் டிக் பண்ணின படிவத்தைத் தேடி எடுத்து அனுப்பினாங்க. உள்ளே பொடி எழுத்துல, தாடை எலும்புல வர்ற மாற்றத்துக்குப் பொறுப்பில்லைன்னு இருக்கு. ஆக, எலும்பு நகராதுன்னு அவங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எங்கம்மாகிட்ட அப்படிச் சொல்லியிருக்காங்க.

கடைசியில எம்.டி.எஸ். ஆர்த்தோ, அதாவது பல் சீரமைப்புல மேல்படிப்பு முடிச்ச டாக்டர்கிட்ட போனேன். முதல்ல ஐஸ் குச்சி மாதிரி ஒரு மரப்பட்டையைக் குறுக்கே கடிக்கச் சொன்னார். கண்ணாடியில பார்த்தா பட்டை ஒரு பக்கம் சரிஞ்சு நிக்குது, கண்ணு மட்டத்தோட ஒட்டவே இல்ல. ரெண்டு தாடையும் முழுசா தெரியுற ஓ.பி.ஜி. எக்ஸ்ரே எடுத்தார், நேர்முகமா ஒரு எக்ஸ்ரே, அப்புறம் சி.பி.சி.டி.ங்கிற 3டி ஸ்கேன். வலது காதுக்கு முன்னாடி மூட்டுல இருக்குற எலும்புக் குமிழ் இடது பக்கத்தை விடப் பெருசு, அதுதான் தாடையை எதிர்ப்பக்கம் தள்ளியிருக்குன்னு காட்டினார். சாதாரணமா ஆம்பளைங்களுக்கு இருபது வயசையொட்டித் தாடை வளர்ச்சி அடங்கிடும், இந்தக் குமிழ் மட்டும் சிலருக்கு அதுக்கப்புறமும் வளருமாம். அதனால பழைய போட்டோ கேட்டார். பத்தாவது ஹால் டிக்கெட், காலேஜ் ஐ.டி., லைசென்ஸ் மூணையும் மேஜையில வரிசையா வச்சுப் பார்த்தார். எலும்பு ஸ்கேனும் எழுதினார். கையில லேசான கதிரியக்க மருந்து ஏத்தி, சில மணி நேரம் காத்திருந்து எடுக்குறது. எனக்கு வளர்ச்சி நின்னுடுச்சாம், அது ஒண்ணுதான் நல்ல செய்தி.

வயிறு எரிஞ்சது அடுத்து அவர் சொன்னதுக்குத்தான். தாடை கோணலா வளரும்போது பல்லு அதுக்கு ஈடுகொடுத்துத் தானாவே சாயுமாம். ஆபரேஷன் பண்ணணும்னா அந்தச் சாய்வை எடுத்துப் பல்லை எலும்பு மேல நேரா நிறுத்தணும், அப்பதான் எலும்பை நகர்த்த இடம் கிடைக்கும். அலைனர்காரங்க நடுக்கோட்டை ஒட்ட வைக்கணும்னே பல்லை இன்னும் சாய்ச்சிருக்காங்க. 92,000 ரூபாய் கொடுத்து நேர் எதிர்த் திசையில நகர்த்தியிருக்கேன்! இப்ப கம்பி போட்டு அதைத் திரும்ப அவிழ்க்கணும், அப்புறம் ஆபரேஷன், அதுக்கப்புறமும் கம்பி. செலவைப் பத்தி வீட்ல இன்னும் பேசல.

என்ன பண்ணணும்னு விரிவா எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குது. சுருக்கமா: எக்ஸ்ரே எடுக்காம தாடையைப் பத்திப் பேசுறவங்களுக்குப் பணம் கட்டாதீங்க. வளர்ந்தவங்களுக்கு அலைனர் பல்லைத்தான் நகர்த்தும், எலும்பை இல்ல. யூடியூப்ல நாக்கை அண்ணத்துல ஒட்டுற பயிற்சியும் அப்படித்தான். இ.எம்.ஐ. போட்டா கடன் வேற ஒரு ஃபைனான்ஸ் பேர்ல போயிடும், சிகிச்சை பாதியில நின்னாலும் கட்டியே ஆகணும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் பதிஞ்சாச்சு. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான், நாம கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும்னா புகார் கட்டணம் கிடையாது. இந்த மாதிரிக் கம்பெனிகிட்ட இருந்து யாராவது பணத்தைத் திரும்ப வாங்கியிருந்தா எப்படி வாங்கினீங்கன்னு எழுதுங்க, அஞ்சாம் தேதி எனக்கு அடுத்த தவணை வருது.