தாராவி: மதினியை அழைத்துப்போன கதை

மெல்போர்னிலிருந்து மூன்று வாரம் தாராவிக்கு வந்திருந்தேன். 90 அடி சாலைக்குப் பின்னால்தான் பிறந்த வீடு. 46 வயதாகும் மதினியைக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அழைத்துப்போக வேண்டும் என்று புறப்படும்போதே முடிவு செய்திருந்தேன்.

"எனக்கு வெள்ளைப்படுதல்கூட இல்லையே, எதற்குப் போய்க் காட்ட வேண்டும்?" என்றார் மதினி. தெருப் பெண்கள் பலருக்கும் அதே எண்ணம். ஒருத்தி மட்டும் குரலைத் தாழ்த்தி, "ஏதோ இருக்கிறது என்று சொல்லிவிட்டால் என் மகளை யார் கட்டுவார்கள்?" என்றாள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

முதலில் போன மருத்துவமனையில், வரிசையில் நின்றவர்கள் அனைவரும் கேட்க, "மாதவிலக்கு நின்றுவிட்டதா?" என்று ஊழியர் இந்தியில் கத்தினார். உள்ளே பாதித் திரை. ஆட்கள் வந்துபோனபடி இருந்தார்கள். மதினி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினார். நான் தடுக்கவில்லை. அவரை அறியாமைக்காரி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

நான்கு நாள் கழித்து இன்னொரு சிறிய மருத்துவ மையம். அங்கே இருந்த சுகாதாரப் பணியாளர் நெல்லைக்காரி. கதவைத் தாழிட்டார், என்ன செய்யப்போகிறோம் என்று தமிழில் சொன்னார், பிறகுதான் படுக்கச் சொன்னார். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் காத்திருந்தார். சந்தேகத்துக்குரிய இடம் இருந்தால் வெள்ளையாகத் தெரியுமாம். மதினிக்கு அப்படி எந்த இடமும் இல்லை.

இந்த எளிய முறையை மும்பைக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. 1998இல் டாடா நினைவு மருத்துவமனை இந்நகரின் குடிசைப் பகுதிகளில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பெண்களை இரு பிரிவாக்கி ஆய்வைத் தொடங்கியது. ஒரு பிரிவினரைப் பயிற்சி பெற்ற பெண் பணியாளர்களே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதித்தார்கள், மருத்துவர்கள் அல்லர். அப்பிரிவில் இந்நோயால் நேர்ந்த இறப்பு 31 விழுக்காடு குறைந்தது. அப்படியிருந்தும், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இப்பரிசோதனை செய்துகொண்டதில்லை. மனம் பொறுக்கவில்லை.

ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலை முதல் இப்புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்.பி.வி. என்ற வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைக்கான மாதிரியைப் பஞ்சுக்குச்சியால் நாமே எடுத்துத் தரலாம். இதைச் சொன்னதும் மதினி, "அதை இங்கே கொடுத்தால் தெருவே எடுக்குமே!" என்றார்.

ஐந்தாண்டு கழித்து மீண்டும் வரச் சொல்லி அட்டையில் எழுதித் தந்தார்கள். ரேஷன் அட்டை இருக்கும் பையிலேயே அதையும் வைத்திருக்கிறார் மதினி.